பொத்தானக்கா கடை பதிந்த கதை

எட்டு மாதம் அவளுடைய சாப்பாட்டு டப்பா பூட்டிய கடைக்குள் இருந்தது. பொத்தானக்காவின் பயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. அடையாள அட்டையிலும் வீட்டுப் பத்திரத்திலும் அது இருக்கிறது. தையல்காரர்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் வழிகாட்ட மாட்டார்கள். அண்ணன் தம்பி இருவர் கூட்டாக நடத்திய பொத்தான் கடையில் பதினாறு வருஷம் நின்றவள். துணியை ஒரு நொடி காட்டினால் போதும், எந்த அடுக்கில் எத்தனையாவது பெட்டி என்று ஏணிக்காரனுக்குக் கீழேயிருந்தே சொல்லிவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையில் நல்ல கூட்டம். மூன்று பேர் கோர்ட்டுக் காகிதத்தோடு வந்தார்கள். தம்பி தன் நண்பன் ஒருவன் லாரி வாங்குவதற்காகக் கடையின் பெயரில் எங்கோ ஒரு கடன் காகிதத்தில் கையெழுத்து போட்டிருந்தார். நண்பன் லாரியோடு காணாமல் போய்விட்டான். அண்ணனுக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்பதை அவர் மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லீங்க. கூட்டுல ஒருத்தர் போட்டா எல்லாரும் போட்ட மாதிரிதான்" என்றார் வந்தவர்களில் மூத்தவர். அதட்டவில்லை. மரியாதையாகவே சொன்னார்.

எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். ஷட்டர் இறங்கியது. பூட்டின் மேல் துணியைச் சுற்றி அரக்கை உருக்கி ஊற்றினார்கள். அவள் டப்பா உள்ளே, கல்லாவுக்குப் பின்னால். முதலாளியின் பிழைப்பே போய்க்கொண்டிருக்கும்போது தனக்குப் பசிக்கிறதே என்று அவள் கூசிப்போய் நின்றாள்.

மூன்று மாதம் கழித்து அண்ணனின் வீட்டுக்கு ஆட்கள் வந்தபோது அவள் அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தது. மாடிப்படியில் திரும்பாத கட்டிலைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டில் அந்தரத்தில் மெல்லச் சுற்றியது. கழுத்தில் அளவு நாடாவோடு அண்ணன் கீழே நின்று, "பார்த்து, பார்த்து, காலு இடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருடைய கட்டிலாக இல்லாமல் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பி, டப்பாவை அவளிடம் கொடுத்தார்கள். அவள் அதைத் திறக்கவில்லை. தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையை இரண்டு முறை கழுவினாள்.

அதற்குப் பிறகு அவள் எதிலும் கையெழுத்து போடுவதில்லை. பார்சல்காரன் வந்தால்கூட வீட்டுக்காரரைத்தான் எழுப்புவாள். தவிர்க்கவே முடியாமல் போட நேர்ந்தால், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதுவாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் திரும்பிப் போக ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அப்படிப்பட்டவள்தான் சொந்தக் கடை வைக்கப் புறப்பட்டாள். நான்கு வருஷம் ஒரு தையற்கூடத்தில் கூலிக்குப் பொத்தான் தைத்ததில் கண் மங்கத் தொடங்கியிருந்தது. தெருவில் பத்தடிக்கு எட்டடி இடம் ஒன்று காலியானது. பார்த்துச் சொன்னவர் அத்தான், அக்காவின் கணவர். பாதிப் பணமும் தான் போடுவதாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கடையைப் பதிந்த காகிதத்தைக் காட்டினால்தான் சாவி என்று இடத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆடிட்டரம்மாவின் அலுவலகம் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. மேஜையில் ஃபாரத்தைத் திருப்பி வைத்து, பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார்.

"மூணு கட்டம் இருக்கு பாருங்க. ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்கிறவர்களைப் பொத்தானக்கா நம்புவதில்லை. "ஒவ்வொண்ணா சொல்லுங்கம்மா" என்றாள்.

"முதல் கட்டம், தனி ஆள். செலவும் கம்மி, தொல்லையும் கம்மி. ஆனா கடையும் நீங்களும் ஒண்ணு. கடைக்குக் காய்ச்சல் வந்தா உங்களுக்கு நெத்தி சுடும்."

"வீடு?"

"யார் பேர்ல இருக்கு?"

"எம் பேர்ல. மாடியில ரெண்டு ரூம். மழை பேஞ்சா சமையல்கட்டு ஒழுகும்."

"ஒழுகினாலும் வீடு வீடுதானேம்மா. கடை சாய்ஞ்சா அதையும் பிடிச்சு இழுக்கலாம்."

பொத்தானக்கா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"ரெண்டாவது, கூட்டு. நீங்களும் உங்க அத்தானும். அவர் எங்க போய் எதுல கையெழுத்து போட்டாலும், கடைக்காகன்னு போட்டா உங்க கையும் அதுல இருக்கும். வீடும் இருக்கும்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். அரக்கு வாசனை மூக்கில் ஏறியது. "மூணாவது?"

"கம்பெனி. அது தனி ஆள் மாதிரி. அதுக்குன்னு பேரு, பொறந்த தேதி, வரி நம்பர் எல்லாம் உண்டு. கடன் பட்டா அதுதான் பட்டது. நீங்க போட்ட பணம் போகும், வீடு போகாது."

"ஆள்னா, எங்க இருக்கும்?"

ஆடிட்டரம்மா பென்சிலை அலமாரிப் பக்கம் நீட்டினார். "அங்க. ஒரு ஃபைல்ல."

பொத்தானக்கா அலமாரியைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள் அந்த ஆட்கள். ஒருவருக்கும் முகம் இல்லை. "அது செத்துட்டா?"

"அது மட்டும் சாகும். நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

ஆடிட்டரம்மா சிரித்தார். பொத்தானக்காவுக்குச் சாப்பாடு என்றதும் டப்பாதான் ஞாபகம் வந்தது.

"ஆனா வருஷா வருஷம் கணக்குக் காட்டணும், எனக்கு ஃபீஸ் அழணும். இன்னொண்ணு, அதுக்காக நீங்க தனியா ஜாமீன் கையெழுத்து எங்கேயும் போட்டுடக் கூடாது. போட்டா நீங்களே கட்டின சுவர்ல நீங்களே ஓட்டை போட்ட மாதிரி. அப்புறம் வீடு வெளியே தெரியும்."

"அத்தான்?"

"கம்பெனிக்கு ரெண்டு பேர் வேணும். அவர் பணம் போட்டுப் பங்கு வாங்கிக்கட்டும். லாபத்துல பாதி வரட்டும். ஆனா கையெழுத்து போடற அதிகாரம் உங்களுக்கு மட்டும்னு எழுதிடலாம்."

"அதை அவர்கிட்ட யாரு சொல்றது?"

"அது ஃபாரத்துல இல்லம்மா."

மூன்றாவது கட்டத்தில் பென்சிலால் லேசாக ஒரு டிக் போட்டுவிட்டு, ஆடிட்டரம்மா ஏதோ ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார். "இதுவரைக்கும் கடைக்காகன்னு யாரும் எதுலயும் கையெழுத்து போடலையே?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காகிதத்துல கூட்டுன்னு எழுதணும்னே இல்ல. ரெண்டு பேரும் கூட்டுக்காரங்க மாதிரி நடந்துக்கிட்டா, அது கூட்டுத்தான்னு ஆயிடும்."

படியிறங்கும்போது பொத்தானக்கா பாதியில் நின்றாள். அவள் போடவில்லை. அத்தான்?

அத்தானைக் குறை சொல்ல வாய் வராது. அவளுடைய வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். அவர் கால் முறிந்து கிடந்த இரண்டு மாதமும் தூக்கிக் குளியலறையில் உட்கார வைத்தவர் அத்தான்தான். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். காலையிலிருந்து மாலை வரை, கற்க வருகிறவர்களின் ஃபாரத்தில், நோட்டில், வருகைச் சீட்டில், கார் பானட்டில் வைத்துக் கையெழுத்து போட்டுக்கொண்டே இருப்பார். இருபது வருஷப் பழக்கம். கையெழுத்து அவருக்குத் தும்மல் மாதிரி. காகிதம் எதிரில் வந்தால் போதும், வந்துவிடும்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். மணி நாலு ஆகியிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே காலெடுத்து வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

முன்னறைச் சுவர் முழுக்கப் பொத்தான் அட்டைகள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பொத்தான்கள், மூன்று வரிசையாகத் தைத்தவை. ஆணியடித்து, இடைவெளி அளந்து மாட்டியிருந்தார் அத்தான்.

"வா வா! எப்படி இருக்கு?" என்று எழுந்தார். "நம்ம கடைச் சுவர் இப்படித்தான் இருக்கப் போவுதுன்னு ஒரு ஒத்திகை."

"ராத்திரியெல்லாம் அத்தனை கண்ணும் என்னையே முறைக்குது" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

பொத்தானக்கா பக்கத்தில் போய் ஒரு அட்டையின் மூலையைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். மூலைக்கு மூலை சிவப்பு நூல் முடிச்சு.

மொத்தக் கடைக்காரர்கள் கொடுக்கும் மாதிரி அட்டை இரண்டு வகை. வெள்ளை முடிச்சு என்றால் வைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். சிவப்பு முடிச்சு என்றால் பத்து நாளில் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் அட்டையிலுள்ள பன்னிரண்டு வகையிலும் ஒவ்வொரு பெட்டி வாசலுக்கு வந்துவிடும். வந்த சரக்கு திரும்பாது. இதற்கு ஒப்பந்தம், முத்திரை எதுவும் கிடையாது. அவர்களுடைய நீளப் புத்தகத்தில் போடும் கையெழுத்துதான் எல்லாம். பொத்தான் தொழிலில் இருப்பவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி தெரியும். மற்றவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அட்டைகளை எண்ணினாள். நாற்பத்திரண்டு. ஐந்நூறு பெட்டிக்கு மேல். பத்துக்கு எட்டு அறையில் அதில் பாதிகூட நுழையாது. இரண்டு அறை வீட்டை விற்றால்தான் அதற்கு ஈடுகொடுக்க முடியும்.

"அத்தான், இதெல்லாம் எப்படி வந்துச்சு?"

"ஓசியிலம்மா! மொத்தக் கடையில சும்மா விசாரிக்கப் போனேன். அள்ளி அள்ளிக் குடுக்கறான். இன்னும் வேணுமான்னு வேற கேட்டான். நான்தான் பாவம்னு போதும்னு சொல்லிட்டேன்."

"கையெழுத்து போட்டீங்களா?"

"ஒரு நோட்டுல போட்டேன். கடைக்காகன்னு போட்டேன். உன் பேரு, என் பேரு, ரெண்டும் எழுதினேன். ஒரு பெருமைதானே!"

"விலாசம்?"

"உன் வீட்டு விலாசம்தான். அதுதான் தெருவுக்குப் பக்கம். ஏதாவது கொண்டு வந்து போடறதுன்னா வசதியா இருக்கும்."

அவளுக்கு ஒரு கட்டில் அந்தரத்தில் சுற்றுவது தெரிந்தது. "என்னைக்குப் போனீங்க?"

அத்தான் விரலை மடக்கி யோசித்தார். அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "குழாய் உடைஞ்ச அன்னைக்கு. ஞாயித்துக்கிழமை. வீடெல்லாம் தண்ணி, நான் கத்திக்கிட்டிருக்கேன், இவர் கை நிறைய பொத்தானோட வர்றாரு."

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு. இன்றைக்குப் புதன். மறுநாள் திங்களிலிருந்து எண்ணினால் இன்று பத்தாவது நாள். மொத்தக் கடையில் ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அத்தானின் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக இறங்கியது. மூன்று பேரும் அட்டைகளைக் கழற்றினார்கள். ஆணிகள் மட்டும் சுவரில் நின்றன. கழற்றிய ஒவ்வொன்றையும் பொத்தானக்கா விரலால் தடவிப் பார்த்து அடுக்கினாள். முப்பத்தாறாவது அட்டையில் விரல் நின்றது. இரண்டாவது வரிசையில் ஒன்று இல்லை. தேன் நிறம், நான்கு துளை.

அவள் நிமிர்ந்தாள். அத்தானின் சட்டையில், மேலிருந்து மூன்றாவது பொத்தான் தேன் நிறம். நான்கு துளை.

"நான்தான் தெச்சேன்" என்றாள் அக்கா. "தொப்பை தெரிய ஊர் சுத்திக்கிட்டிருந்தாரு. நாப்பது அட்டையில ஒரு பொத்தான் எடுத்தா என்னடி, குடியா முழுகிடும்?"

"முழுகும்" என்றாள் பொத்தானக்கா. "ஒரு பொத்தான் குறைஞ்சாலும் அட்டையைத் திரும்ப வாங்க மாட்டான். பிளேடு குடு."

சட்டையைக் கழற்றலாம் என்று மூன்று பேருக்குமே தோன்றவில்லை. அத்தான் முகச்சவரத்துக்கு உட்கார்ந்தவர் போல மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் பிளேடைப் பொத்தானுக்கு அடியில் நுழைத்தாள். அக்கா கயிறு திரிக்கிற மாதிரி சுற்றிச் சுற்றித் தைத்திருந்தாள். ஒவ்வொரு இழையாக அறுக்க வேண்டியிருந்தது. அவருடைய மூச்சு அவள் நெற்றியில் பட்டது. இந்த நேரத்தை விட்டால் இந்த ஜென்மத்தில் சொல்ல முடியாது என்று பட்டது.

"அத்தான், கூட்டு வேண்டாம்."

"என்னது?"

"அசையாதீங்க. கம்பெனியா போடலாம். பாதிப் பங்கு உங்களுக்கு. லாபத்துல பாதி உங்களுக்கு. ஆனா கையெழுத்து நான் மட்டும்தான் போடுவேன்."

ஒரு இழை அறுந்தது.

"என்னை நம்பலையாம்மா?"

"உங்களை நம்பறேன். உங்க கையை நம்பல."

"அவர் நெஞ்சுல பிளேடை வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சாடி இது?" என்றாள் அக்கா. "உன் புருஷனைத் தூக்கின கைடி அது!"

அது உண்மைதான். கடைசி இழை அறுந்து பொத்தான் உள்ளங்கையில் விழுந்தது. அத்தான் சட்டையின் விரிசலை ஒரு கையால் மூடிக்கொண்டார். ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

அவள் இரண்டு நிமிஷத்தில் பொத்தானை அட்டையில் தைத்துவிட்டாள். நூல்தான் உறுத்தியது. கொஞ்சம் வெளிறின நூல்.

அது கற்பவர்களுக்கான கார். மடியில் அட்டைகளோடு அவள் அத்தானுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். ஐந்து மணிப் போக்குவரத்து. அவர் நேராகப் பார்த்து ஓட்டினார். கோபத்தில் கத்துகிறவராக இருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. சிக்னலுக்கு முன் ஒரு லாரி குறுக்கே திரும்பியது. லாரியைக் கண்ட மாத்திரத்தில் அவளுடைய வலது கால் தானாகத் தரையை உதைத்தது. கார் குலுங்கி நடுரோட்டில் நின்றது. பின்னால் வரிசையாக ஹாரன்கள்.

"காலை எடும்மா" என்றார் அத்தான். "அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. சொல்லிக்குடுக்கறவனுக்கு."

அவள் காலைச் சீட்டின் மேலேயே மடித்து வைத்துக்கொண்டாள். பத்தடி போவதற்குள் கால் மறுபடியும் இறங்கிவிட்டது. மொத்தக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கார் நான்கு முறை நின்றது.

உள்ளே நுழைந்தபோது ஐந்தே முக்கால். மொத்தக் கடைக்காரர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், மூலை. பார்த்ததை இடப்பக்கம் வைத்தார். பொத்தானக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். முப்பத்தாறாவது அட்டையில் கை நின்றது. திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இது எங்க நூல் இல்லையே."

பின்னால் அத்தான் சட்டையை இழுத்து மூடுவது கேட்டது.

பொய் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. "இல்லீங்க. நூல் என்னுது. பொத்தான் உங்களுது."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அத்தானின் சட்டையைப் பார்த்தார். பிறகு அவளை. "நீ அந்த அண்ணன் தம்பி கடையில இருந்தவ இல்ல? பொத்தானக்கா?"

"ஆமாங்க."

"அண்ணன் எங்க இருக்காரு இப்ப?"

"தெரியலீங்க."

அவர் கொஞ்ச நேரம் அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணனிடம் அவருக்கும் வரவேண்டியது ஏதாவது இருந்ததோ என்னவோ. பிறகு அந்த அட்டையையும் இடப்பக்கம் வைத்தார். நீளப் புத்தகத்தைத் திறந்து, அவர்களுடைய வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"ரெண்டு பேரையும் தனித்தனியா அடிச்சிடுங்க" என்றாள் பொத்தானக்கா. "விலாசத்தையும். தேதி போட்டு, மணியும் போட்டுடுங்க."

"இவ்வளவு பயந்தவ எப்படிம்மா வியாபாரம் பண்ணுவே?"

"பயந்துக்கிட்டேதான்" என்றாள். அவர் ஐந்து ஐம்பத்தாறு என்று எழுதுவதை மேஜைமேல் எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அத்தான் அவளை வீட்டு முனையில் இறக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆடிட்டர் அலுவலகம் என்று அவள் சொன்னதற்குத் தலையை ஆட்டினாரா, கியரை மாற்றக் குனிந்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அக்கா போனை எடுக்கவில்லை. பொத்தானக்கா வீட்டுப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். சமையலறையில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தது. அந்த ஒழுகலைக்கூட யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் போல இருந்தது.

"அத்தான் வரலைன்னா?" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"நான் வர்றேன். ரெண்டு பேர்தானே வேணும்."

"அத்தானை விட்டுட்டுப் பண்ணினா அக்கா செத்தாலும் என் முகத்துல முழிக்க மாட்டா."

வீட்டுக்காரர் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "லிஃப்ட்ல எட்டு பேர்னு எழுதியிருக்கும். ஒம்பதாவது ஆள் ஏறினா மணி அடிக்கும். யாரு இறங்கணும்னு மெஷின் சொல்லாது. நான்தான் சொல்லணும். சொன்னா மொறைப்பாங்க."

"மொறைச்சா?"

"மொறைச்சுக்கிட்டே இறங்குவாங்க. சில பேர் அடுத்த நடையில வருவாங்க. சில பேர் படியில போயிடுவாங்க."

அது ஆறுதலா என்று அவளுக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றே கால் வரை அத்தான் வரவில்லை. பன்னிரண்டரைக்குள் அனுப்பினால்தான் இன்றைய தேதி விழும் என்றார் ஆடிட்டரம்மா. சாவிக்கும் இன்றுதான் கடைசி. வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். பொத்தானக்கா போனை எடுத்தாள், வைத்தாள். படியில் காலடி கேட்டது. மருந்துக்கடைக்காரர் மேலே தண்ணீர் பிடிக்க வந்திருந்தார். அடுத்த காலடிக்கு அவள் நிமிரவில்லை.

"எங்க போடணும்?" என்றார் அத்தான்.

அதே சட்டை. பொத்தான் இருந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது.

ஆடிட்டரம்மா காகிதக் கட்டை நீட்டினார். அத்தான் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கை காகிதத்துக்கு மேலே வந்துவிட்டது. அங்கே நின்றது. பொத்தானக்காவைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். உதடு அசைய, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். அதில் அவளைக் குத்திக்காட்டும் ஒரு பிடிவாதம் இருந்தது. படித்து முடித்த தாளில் கையெழுத்து போட்டு அவள் பக்கம் தள்ளினார். அவள் அதில் தன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பெயரின் நடுவில் இரண்டு முறை நிறுத்தினாள். அலமாரிக்குள் நிற்கப் போகிற அந்த முகமில்லாத ஆளுக்கு இன்றைய தேதி பிறந்தநாள்.

மணி பன்னிரண்டானது. பன்னிரண்டு பத்தானது. ஆடிட்டரம்மா பரபரத்தார். "நீங்க மீதியைப் போட்டுக்கிட்டே வாங்கம்மா, அவர் படிச்சுட்டுப் போடட்டும்." கட்டின் கடைசித் தாள்களை உருவி அவள் முன் வைத்தார். நேரம் போய்க்கொண்டிருந்த பயத்தில் அவள் ஒன்றில் போட்டாள். அடுத்ததில் போட்டாள். அதற்கடுத்த தாளில் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள்.

"இரு" என்றார் அத்தான்.

அவர் கழுத்தை நீட்டி அவளுடைய தாளைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை அதன்மேல் வைத்தார். "இதுல உன் வீட்டு நம்பர் எதுக்கு இருக்கு?"

ஆடிட்டரம்மா தாளைப் பிடுங்கினார். படித்தார். இடத்துக்காரர் காலையில் ஆளிடம் கொடுத்தனுப்பிய வாடகைக் காகிதம் அது. தட்டச்சுக்காரர் எல்லாம் ஒன்றென்று நினைத்துச் சேர்த்துக் குத்தியிருந்தார். கம்பெனி வாடகை தராவிட்டால் கீழே கையெழுத்திட்டவர் தன் வீட்டைக் கொண்டு பொறுப்பேற்பதாக நாலாவது வரி சொன்னது.

"ஜாமீன்" என்றாள் பொத்தானக்கா.

"ஆமாம்மா. மன்னிச்சுக்குங்க. நான் பார்த்திருக்கணும்."

"ஒரு எழுத்து போட்டுட்டேனே?"

"ஒரு எழுத்து கையெழுத்து ஆகாது."

"நிச்சயமா ஆகாதா?"

ஆடிட்டரம்மா அந்தத் தாளை நாலாகக் கிழித்தார். முதல் எழுத்து இருந்த துண்டைப் பொத்தானக்கா கேட்டு வாங்கி, இன்னும் சின்னதாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். மற்ற தாள்கள் பன்னிரண்டு இருபத்தேழுக்குப் போய்ச் சேர்ந்தன. கம்பெனி பிறந்துவிட்டது. அது இருக்க இடம்தான் இல்லை.

கீழே மருந்துக்கடை வாசலில் இருவரும் நின்றார்கள்.

"இந்த வரியை எடுக்கலைன்னா இடம் வேண்டாம்னு சொல்லணும்" என்றாள். "வேற எடம் கெடைக்குமான்னும் தெரியல."

"நான் போய்ப் பேசறேன்" என்றார் அத்தான். இரண்டு நாளில் அவள் முகத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது. "அந்த ஆளு பையன் என்கிட்டதான் கார் கத்துக்கிட்டான். மூணு தடவை ஃபெயில்."

"அத்தான், எதுலயும்..."

அவர் பையிலிருந்து பேனாவை உருவி அவள் கையில் வைத்தார். "நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, ஊக்கு குத்திய இடத்தை ஒரு கையால் மூடியபடி நடந்தார்.

பேனா அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தெருமுனையில் திரும்பினார். இடத்துக்காரர் மேஜையிலும் பேனா இருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.